கிளீட்டஸின் துண்டு

புதுக்குருசுத்துறை அணி கடைசியாகக் கோல் போட்டது பங்குத் திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு கொடி ஏறியது, தேர் ஓடியது, கொடி இறங்கியது, பந்தல்காரன் கம்புகளைப் பிரித்துக்கொண்டு போனான். கோல் மட்டும் விழவே இல்லை.

கடற்கரை ஊர் அது. கடலில் மீன் கிடைக்காத வருத்தத்தை வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். ஆட்டம் தோற்ற வருத்தத்தை மட்டும் மைதானத்தில் வந்து கொட்டித் தீர்த்தால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும்.

இப்போது ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது.

"கப்பு அடிச்சப்பம் கோச்சைத் தோளுல தூக்கிட்டு ஆடுனீங்க. தோக்கும்பம் மட்டும் பையனுவளை ஏசுதீங்க. இது என்னலே நியாயம்?" என்றார்கள் ஒரு பக்கத்தார்.

"கோலுக்கு முன்னால நிக்கியது கோச்சு கிளீட்டஸா, ஜெனிஷா? கீப்பர் கீழ விழுந்து கெடக்கியான், பந்து காலுல இருக்கு, அப்பவும் அடிக்கல்லன்னா கோச்சு என்ன செய்வாரு? உள்ள எறங்கி அடிப்பாரா?" என்றார்கள் மற்றவர்கள்.

டீக்கடையில் பேசினார்கள். வலை கட்டும் இடத்தில் பேசினார்கள். பூசையில் பிரசங்கம் நீண்டால் அங்கேயும் பேசினார்கள். கடைசியில் கமிட்டி தலையிட்டது. ஞாயிறு மாலை ஜெபம் முடிந்ததும் மைதானத்தில் கூட்டம். ஒன்று கோச் கிளீட்டஸ் விலக வேண்டும், அல்லது முன்வரிசை ஆட்டக்காரன் ஜெனிஷை நீக்க வேண்டும். இரண்டில் ஒன்று அன்றைக்கே முடிவாகும்.

கிளீட்டஸுக்குத் தூக்கம் போயிற்று. நாற்பத்தைந்து வயதில் அவருக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை அந்த மைதானம்தான். அதிலிருந்து இறக்கி விட்டால் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று பயந்தார்.

அவருடைய பெருமை எல்லாம் ஒரு துண்டில் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கிளீட்டஸின் அப்பா கரமடிக்காரர்களுக்குத் துண்டு வீசியவர். கரமடி என்றால் கரையிலிருந்து இழுக்கிற பெரிய வலை. மணல்மேட்டில் நிற்பவருக்குத்தான் மீன்கூட்டத்தின் கறுப்பு தண்ணீரில் தெரியும். அவர் துண்டை இடப்பக்கம் வீசினால் வள்ளம் இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் வீசினால் வலப்பக்கம். சுழற்றினால் வலையை இறக்குவார்கள். மகன் அதே வித்தையை அப்படியே மைதானத்துக்குக் கொண்டு வந்துவிட்டார். கோட்டுக்கு வெளியே நின்று அவர் துண்டை வீசுவார். இடம் என்றால் இடக்கால், வலம் என்றால் வலக்கால், சுழற்றினால் ஓங்கி அடி. கப்பு அடித்த வருஷம் அந்தத் துண்டைச் சிலுவை நிற்கும் குருசடியில் கட்டி மெழுகுவர்த்தி ஏற்றியவர்களும் உண்டு. துண்டுக்கு அந்த ஊரில் துவர்த்து என்று பேர். பந்து முன்வரிசைக்குப் போனால் இன்றைக்கும் ஊரே கத்தும்: "துவர்த்தைப் பாருலே! துவர்த்தைப் பாரு!"

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் கிளீட்டஸ் கான்வென்ட் பள்ளி மைதானத்துக்குப் போனார். பிலோமினா டீச்சர் அங்கே தனியாகப் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். விளையாட்டு டீச்சர். கிளீட்டஸின் காலில் முதல் பூட்ஸை மாட்டி விட்டவர் அவர்தான். அதிகம் பேச மாட்டார். அதனாலேயே அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஊரில் மறுபேச்சு இருக்காது.

போன ஆட்டத்துக்கு அவர் வந்திருந்தார். எதிர் அணியின் கோல்போஸ்டுக்குப் பின்னால், மணலில், தனியாக உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், சாயங்காலம் நீங்க வரணும். வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"கிளீட்டஸ் சொல்லிக் குடுத்ததுல ஒரு கொறையும் இல்லன்னு."

"அப்பம் கொறை எங்க?"

"ஜெனிஷு சொன்னபடி கேக்கல்ல டீச்சர்."

"நான் பாத்தேனே. நீ சொன்னதை எல்லாம் கேட்டான்."

கிளீட்டஸுக்கு அது ஆறுதலா ஏச்சா என்று புரியவில்லை.

டீச்சர் காற்றடித்த பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"துவர்த்து கொண்டு வந்திருக்கியா?"

அது எப்போதும் அவர் தோளில்தான் கிடக்கும். எடுத்துக் கொடுத்தார்.

"போய்க் கோலுக்கு முன்னால நில்லு. நான் இஞ்ச நின்னு வீசுவேன். பந்து வந்ததும் நான் வீசுனபடி அடி."

கோலில் கீப்பர் இல்லை. வலையும் கம்பமும்தான். கிளீட்டஸ் சிரித்துக்கொண்டே போய் நின்றார். கண் தெரியாதவன்கூட அடித்துவிடக்கூடிய தூரம்.

டீச்சர் பந்தைக் காலால் உருட்டி விட்டார். நல்ல பந்து, நேராக வந்தது. கிளீட்டஸ் துண்டைப் பார்த்தார். துண்டு இடப்பக்கம் போனது. இடக்காலைத் தூக்கும்போது பந்து அவரைத் தாண்டி வேலியோரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு."

இரண்டாவது பந்து காலில் பட்டது. பட்டு கம்பத்துக்கு வெளியே போனது.

"இன்னொண்ணு டீச்சர்," என்று இப்போது கிளீட்டஸே கேட்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

மூன்றாவது பந்தும் போயிற்று. வேலியிலிருந்து பந்தை எடுத்து வரும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது.

"நீங்க லேட்டா வீசுதீங்க டீச்சர். பந்து வந்த பொறவு வீசினா எப்பிடி அடிக்கது?"

"ஜெனிஷும் இதைத்தான் சொல்லியிருப்பான்."

"அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே."

"சொன்னா அடுத்த ஆட்டத்துல நீ அவனை எறக்குவியா?"

கிளீட்டஸ் பந்தைக் கீழே வைத்தார். பதில் அவருக்குத் தெரியும்.

"எங்கப்பா ஆயுசு முழுக்க துவர்த்து வீசினாரு," என்றார். குரலில் கோபம் இருந்தது. "வள்ளத்துல உள்ளவன் பாத்தான். மீன் கிடைச்சு. ஊரே தின்னுச்சு."

"வள்ளத்துல உள்ளவனுக்கு மீன் தெரியுமா?"

"தெரியாது. கரையில நிக்கவனுக்குத்தான் தெரியும்."

"கோலுக்கு முன்னால நிக்கவனுக்குக் கோல் தெரியுமா?"

கிளீட்டஸ் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனாலும் மனசு விடவில்லை. பெருமை அவ்வளவு சீக்கிரம் கழன்று விழுமா?

"அதே துவர்த்தை வச்சுத்தானே டீச்சர் நம்ம கப்பு அடிச்சது?"

"ஆமா. அந்த வருசம் அது வெளியூர்க்காரனுக்குப் புதுசு." டீச்சர் துண்டை மடித்தார். "போன வாரம் நான் அவனுவ கீப்பருக்குப் பின்னால இருந்தேன். பந்து வரும்பம் அவன் பந்தைப் பாக்கல்ல."

"பின்ன?"

"உன்னைத்தான் பாத்தான். நீ இடப்பக்கம் வீசினே, அவனும் அந்தப் பக்கமே சாடினான்."

கிளீட்டஸ் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்துக்கு ஆட்டம் எதிரியின் கீப்பருக்குத் தாமே வழி சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கு நெஞ்சில் அடித்தது போல இருந்தது. அந்தப் பையனை எத்தனை பேர் முன்னால் வைத்து ஏசியிருக்கிறார். அவன் ஒருமுறைகூடத் தலை தூக்கவில்லை. வெட்கத்தில் அவர் கண் கலங்கியது.

"சாயங்காலம் வருவீங்களா டீச்சர்?"

"வருவேன்."

"பேசுவீங்களா?"

டீச்சர் மடித்த துண்டை அவர் தோளில் போட்டுவிட்டு, மிச்சப் பந்துகளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

மாலையில் மைதானம் நிறைந்திருந்தது. கோச் பக்கத்தார் ஒரு புறம், ஜெனிஷ் பக்கத்தார் ஒரு புறம், நடுவில் கமிட்டிக்காரர்கள். கூட்டத்தின் முன்னால் ஜெனிஷ் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிலோமினா டீச்சர் கடைசியில், கோட்டுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

சத்தம் ஏறியது. ஒருவன் சட்டையை மற்றவன் பிடித்தான். கமிட்டித் தலைவர் வறுவேல் கையைத் தூக்கி அடக்கினார்.

"கிளீட்டஸு, நீ சொல்லு. குத்தம் யாருக்க மேல?"

கிளீட்டஸ் எழுந்தார்.

"ஜெனிஷுக்க மேல ஒரு குத்தமும் இல்ல. அவன் கோலைப் பாக்க நான் விடல்ல. என்னைப் பாருன்னேன், பாத்தான். எதிரிக்க கீப்பரும் என்னைத்தான் பாத்தான். அவன் நல்லாக் கத்துக்கிட்டான்."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. கப்பு அடித்த வருஷம் துண்டுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெனிஷ் முதல்முறையாக நிமிர்ந்து கோச்சைப் பார்த்தான்.

"குத்தம் எனக்க மேலதான்," என்றார் கிளீட்டஸ்.

வறுவேல் இதை எதிர்பார்க்கவில்லை. கமிட்டிக்காரர்களை ஒருமுறை பார்த்தார். அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

"சரி," என்றார் மெதுவாக. "குத்தத்தை ஒத்துக்கிட்டவனை நாங்க எறக்கி விடவும் மனசு வரல்ல, இருக்கச் சொல்லவும் வாய் வரல்ல. நீயே சொல்லு. இனி நீ இருக்கியா, போறியா?"



கிளீட்டஸ் இரண்டையும் எண்ணிப் பார்த்தார். இருக்கிறேன் என்றால் பதவி ஆசை என்பார்கள். போகிறேன் என்றால் பையன்களை நடுவில் விட்டு ஓடினான் என்பார்கள். எது சரி என்று ஒருவருக்குத்தான் தெரியும் என்று அவருக்குத் தோன்றியது. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, கோட்டுக்கு வெளியே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார்.

அவர் பார்த்ததும் ஊர் முழுக்கத் திரும்பி அங்கேயே பார்த்தது.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"கோல் அந்தப் பக்கம் இருக்கு மக்கா. இஞ்ச என்னத்தைப் பாக்கிய?"