கம்பளத்துக்கு ஒரு ராஜ கட்டளை

வேலங்கோட்டை திம்ம ராஜாவுக்கு எதைப் பார்த்தாலும் ஆசை. ஒருநாள் கோட்டைக்கு வெளியே, ஊர் ஊராய் ஆடு மேய்க்கிற கூட்டம் கூடாரம் போட்டிருந்தது. அங்கே ஒரு கம்பளம் கண்ணில் பட்டுவிட்டது. கறுப்பும் பழுப்புமாய்க் கட்டம் போட்டு நெய்தது. அவ்வளவுதான், கம்பளம் சிம்மாசனத்துக்கு ஏறிவிட்டது.

பின்னாலேயே அந்தக் கூட்டத்துப் பீரம்மா ஓடிவந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

"சாமி, அது நான் நெய்தது. நாளைக்குச் சாயங்காலம் மலையேறப் போறோம். அங்கே பனி கொட்டும். பிள்ளையைச் சுத்திக்க வேற துணி இல்லை. இனிமே ஆட்டுமயிர் கத்தரிச்சு, நூல் நூத்து, நெய்து முடிக்கிறதுக்குள்ள குளிர்காலமே போயிடும்!"

"அழாதேம்மா. நீங்க எப்படி வெச்சிருந்தீங்களோ, அப்படியே நாங்களும் வெச்சுக்குவோம். இது ராஜ கட்டளை! கொழுந்தப்பா, நீ பார்த்துக்கோ" என்றார் ராஜா.

கொழுந்தப்பன் அரண்மனை விதூஷகன். பீரம்மாவை ஓரமாய்க் கூட்டிப்போய் ஏதேதோ கேட்டுக்கொண்டான்.

மறுநாள் ராஜா கம்பளத்தில் சாய்ந்து மீசையை முறுக்கினார்.

"கொஞ்சம் எழுந்திருங்க மகாராஜா" என்று கொழுந்தப்பன் கம்பளத்தை உருவினான். வாசலில் நின்ற கழுதையின் முதுகில் போட்டு, சபையை ஒரு சுற்று சுற்ற வைத்தான். கழுதை மந்திரியின் தலைப்பாகையைக் கடித்துப் பார்த்தது.

"என்னடா இது?"

"காலையில இது கழுதைக்குச் சேணமாம். கட்டளைப்படி செய்றேன்."

அடுத்து சிம்மாசனத்தை முற்றத்துக்குத் தூக்கிப் போனார்கள். கம்பளத்தை அதன்மேல் விரித்து, ஈரக் கேழ்வரகைக் கொட்டினான்.

"வெயில் ஏறினா இதுலதான் தானியம் காயுமாம். நீங்க ஓரமா ஒண்டிக்கோங்க. காக்கா வந்தா விரட்டுங்க."

ராஜா செங்கோலால் காக்கா விரட்டினார்.

கேழ்வரகை அள்ளியதும் பீரம்மாவின் குழந்தை வந்து படுத்தது. ராஜாவைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தபடியே நனைத்தது. பட்டு வேட்டி வரைக்கும் பாய்ந்தது.

"பச்சைப் பிள்ளைதானே, பரவாயில்லை. கொடுத்த கட்டளையை மாத்த மாட்டேன்!" என்று ராஜா பல்லைக் கடித்தார்.

"சந்தோஷம் மகாராஜா" என்று கொழுந்தப்பன் ஒரு செம்மறியை ஓட்டிவந்தான். வயிறு தரையில் இடித்தது. அது நேரே சிம்மாசனத்தில் ஏறி, கம்பளத்தில் படுத்து முனகியது.

"இது எதுக்குடா?"

"நிறைமாசம். வழியில வலி கண்டா இதுலதான் படுக்க வைப்பாங்களாம்."

"அப்போ நான் எங்கே உட்கார்றது?"

"உங்களுக்கு உட்கார ஏது நேரம்? கம்பளம் யாருடையதோ, அந்த வீட்டு ஆம்பளைதான் பிரசவம் பார்க்கணுமாம். சீக்கிரம் வாங்க, முழங்கை வரைக்கும் விளக்கெண்ணெய் தடவிக்கோங்க!"

ராஜா ஒரே பாய்ச்சலில் தூணுக்குப் பின்னால் போனார்.

"கம்பளம் அந்தம்மாவோடதுதான்! என்னோடது இல்லவே இல்லை! எல்லாரும் சாட்சி! உனக்கு மோதிரம் தர்றேன் கொழுந்தப்பா, முதல்ல அவ புருஷனைக் கூப்பிடுடா!"