செவந்தா வாசலைக் குறுக்கிய கதை

அந்தக் காலத்தில் விலங்குகள் மட்டுமல்ல, அவற்றின் உடம்புக்குள் இருந்தவையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. அப்போது ஒரு புள்ளிமானின் நுரையீரலில் நாலைந்து பெரிய அறைகள்தான். ஒவ்வோர் அறைக்குள்ளும் காற்று வரும். அறை வாசலில் ஒரு ரத்தக்குழாய் இருப்பாள். களைத்துக் கறுத்து வரும் ரத்தத்துளிகளை உள்ளே அழைத்து, காற்றை ஊட்டி, சிவக்க வைத்து அனுப்புவது அவள் வேலை.

செவந்தா அப்படி ஒரு குழாய். விருந்து உபசரிப்பில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவளுக்கு ஒரே பெருமை.

ஒருநாள் மானுக்குச் சளி பிடித்தது. செவந்தாவின் அறைக்குக் காற்று வரும் வழி அடைத்துக்கொண்டது. உள்ளே பொட்டுக் காற்று இல்லை.

பக்கத்து அறைத் தாயம்மா எட்டிப் பார்த்தாள். "எங்கிட்ட காத்து நிறையக் கெடக்கு. நீ வாசலைக் கொஞ்சம் ஒடுக்கிக்கோ. வர்றவங்க இந்தப் பக்கம் திரும்பிருவாங்க."

"எங்க வீட்டுல ஒண்ணுமில்லன்னு ஊருக்கே தெரியணுமாக்கும்" என்றாள் செவந்தா. வேண்டுமென்றே இன்னும் அகலமாகத் திறந்து, "வாங்க, வாங்க" என்று அழைத்தாள்.

துளிகள் கூட்டமாக வந்தன. காத்திருந்து பார்த்தன. கேட்கவும் மனம் வராமல், வந்த கறுப்போடே எழுந்து போயின.

அந்த நேரம் பார்த்துச் செந்நாய்கள் துரத்தின. குட்டியோடு ஓடிய மான், கால் துவண்டு புதருக்குள் விழுந்தது. குட்டி தாயை விட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றது. நாய்களின் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

காலுக்குப் போன ஒரு துளி செவந்தாவிடம் திரும்பி வந்தது. "அக்கா, நான் உங்க வீட்டுல இருந்து வர்றேன்னதும் கால் ஆசையாப் பாத்துச்சு. குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல" என்று மெதுவாகச் சொன்னது.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தன் வீண் ஜம்பத்துக்கு ஒரு தாயும் பிள்ளையும் சாகக் கிடக்கின்றன. கூசினாள், குன்றினாள், குறுகிக் குறுகி வாசலே நூலளவாகிவிட்டது.

"எங்கிட்ட இல்லப்பா" என்றாள் அந்த இடுக்கு வழியாக. "எல்லாரும் தாயம்மா வீட்டுக்குப் போங்க."

துளிகள் திரும்பின, சிவந்தன, காலுக்கு ஓடின. மான் எழுந்து, குட்டியை முன்னால் விட்டு ஓடித் தப்பியது.

அன்று முதல்தான், உடம்பில் மற்ற இடத்துக் குழாய்கள் காற்றுக் குறைந்தால் இன்னும் ரத்தம் வேண்டுமென்று வாய் விட்டுக் கேட்பதுபோல் விரிந்துகொடுக்க, நுரையீரல் குழாய் மட்டும் தன் அறையில் காற்றில்லை என்றதும் குறுகி, வந்த ரத்தத்தைக் காற்றுள்ள அறைக்குத் திருப்பிவிடுகிறது.