சாக்கு கத்தாது

“ஆசானே, எனக்கு நாப்பது முடிஞ்சிருச்சு. இனிமே படிச்சா ஏறுமா?”

கேட்டவள் பேச்சித்தாய். பீடி சுற்றிய கை. புருஷன் இல்லை. மூன்று வயதில் ஒரு மகள்.

எதிரே இருந்தவர் தாணுலிங்கம் ஆசான். மலையடிவாரத்தில் ஒரு கொட்டகை போட்டு, முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர். அவளைவிட ஏழு வயது இளையவர்.

“கையைக் குடுங்க அக்கா” என்றார்.

கொடுத்தாள். ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்திப் பார்த்தார்.

“எத்தனை வருசம் சுத்துனீங்க?”

“இருவத்திரண்டு.”

“கட்டுல ஒரு பீடி மட்டும் தூள் கம்மியா இருந்தா?”

“கண்ணை மூடிக்கிட்டுத் தடவுனாலே தெரியும்.”

“பிறகு எதுக்கு விட்டீங்க?”

“எம் மக இருமுதா ஆசானே. நான் சுத்தச் சுத்த, பக்கத்துல கிடந்து இருமுதா. இன்னும் பத்து வருசத்துல அவ மடியிலயும் பீடி முறம் ஏறிரும். எங்க அம்மா மடியில இருந்து என் மடிக்கு அப்படித்தான் வந்துச்சு.”

ஆசான் அவள் கையை விட்டார்.

“பொம்பளைங்க என்கிட்ட காட்டக் கூச்சப்பட்டுக்கிட்டு, முறிஞ்ச இடுப்போட வீட்டுலயே கிடக்காங்க. எனக்கும் ஒரு ஆளு வேணும். பிள்ளை எங்க?”

“தம்பி வீட்டுல. தம்பி பொண்டாட்டி சொர்ணம் நல்லவ. அவளுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. எம் மக நிவேதா அதுங்களோட ஒண்ணா இருந்துக்கிடுவா. தொழில் கைக்கு வந்ததும் ஒரேயடியா கூட்டிட்டு வந்திருவேன்.”

“எப்ப வரும்னு நினைக்கீங்க?”

“ஒரு வருசத்துல வராதா?”

ஆசான் பாயை விரித்துப் போட்டார்.

*

அங்கே படிப்பு இப்படித்தான்.

ஒரு மண்பானையை உடைத்துச் சாக்கில் போடுவார்கள். வாயைக் கட்டிவிடுவார்கள். சாக்குக்கு மேலே தடவித் தடவியே உள்ளே இருக்கிற ஓடுகளை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். பானை பானையாக நிற்க வேண்டும். தோலுக்கு உள்ளே இருக்கும் எலும்பைக் கண்ணால் பார்க்க முடியாது அல்லவா, அதற்காக.

கூடப் படித்தவன் சுயம்பு. பத்தொன்பது வயது. ஆறு மாதமாகத் தடவிக்கொண்டிருந்தான்.

பேச்சித்தாய் மூன்றாம் மாதமே பானையை நிறுத்திவிட்டாள்.

“பெரியம்மா, உள்ள பீடி இலைன்னு நினைச்சுக்கிட்டீங்களோ?” என்றான் சுயம்பு.

“வாயை மூடிக்கிட்டு நீ உன் ஓட்டைப் பொருத்துடா” என்றாள் அவள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சொர்ணத்தின் போனுக்குக் கூப்பிட்டு மகளோடு பேசினாள்.

“எட்டி, அம்மா பானை செஞ்சுட்டேன்.”

“சோறு வைக்கவா?”

“இல்லட்டி. உடைஞ்ச பானை.”

“உடைச்சா அடிப்பாங்களே” என்றது குழந்தை.

*

முதல் ஆள் வந்தான். பைக்கிலிருந்து விழுந்தவன். முன்கை முறிந்திருந்தது.

“அக்கா, நீங்க பிடிங்க” என்றார் ஆசான்.

பிடித்தாள். விரலுக்கு எல்லாம் தெரிந்தது. எந்த முனை எங்கே ஏறியிருக்கிறது, எவ்வளவு இழுத்தால் உட்காரும், எல்லாம். இழுத்தாள்.

“எம்மா!” என்று கத்தினான் அவன்.

“என்னய்யா?” என்றாள் பேச்சித்தாய்.

கை விட்டுவிட்டது.

பிடி தளர்ந்ததும், ஏறியிருந்த எலும்பு இன்னும் ஏறிக்கொண்டது. அவன் பாயில் புரண்டான். ஆசான் வந்து மறுபடியும் முதலிலிருந்து இழுத்துக் கட்டினார். ஒரு முறை படவேண்டிய வலியை அவன் இரண்டு முறை பட்டான்.

அடுத்த வாரம் ஒரு கிழவர். தோள்பட்டை. மீசையெல்லாம் நரைத்த மனிதர்.

“எம்மா!”

“என்னய்யா?”

கை விட்டுவிட்டது.

“எழுபது வயசுப் பிள்ளை கூப்பிடுது, ஓடுங்க பெரியம்மா” என்று சுயம்பு விழுந்து விழுந்து சிரித்தான். ஆசான் அவனைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

ஒரு வருடம் போயிற்று. சாக்குக்குள் எந்தப் பானையைப் போட்டாலும் பேச்சித்தாய் நிறுத்தினாள். பாயில் ஆளைப் படுக்க வைத்தால் கை விட்டது.

*

“ஆசானே, சாக்கு கத்தாது” என்றாள் ஒருநாள்.

“கத்தாது.”

“ஆம்பளை, பொம்பளை, கிழவன், எவனா இருந்தாலும் அம்மான்னே கத்துதாங்களே. வேற சொல்லே கிடையாதா?”

“வேற யாரைக் கூப்பிடுவாங்க?”

அவள் யோசித்தாள். மறுநாள் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தாள்.

ஆசான் பக்கத்தில் வந்து, இரண்டு விரலால் பஞ்சை உருவி எடுத்தார்.

“நிவேதாவைப் பெத்தப்ப கத்துனீங்களா அக்கா?”

“ஊரே கேட்டுச்சு.”

“உங்களுக்குப் பிரசவம் பாத்த நர்சம்மா காதுல பஞ்சு வச்சிருந்தாங்களா?”

பேச்சித்தாய் பஞ்சை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

ஊருக்குப் போய்வர அரை நாள் பஸ். முதலில் மாதம் ஒரு தடவை போனாள். பிறகு வருசம் ஒருமுறை வரும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் மட்டும். தொழில் வந்துவிட்டால் ஒரேயடியாகக் கூட்டி வந்துவிடலாமே, அதுவரை எதற்குப் பிள்ளையை அழவிட்டு அழவிட்டுத் திரும்ப வேண்டும் என்று நினைத்தாள்.

போனில் மகள் பேசுவதும் குறைந்தது. “ம்” என்பாள். “விளையாடப் போகணும்” என்பாள்.

*

இரண்டாவது கொடைக்குப் போனாள்.

வாசலில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. நிவேதாவுக்கு ஐந்து வயது ஆகியிருந்தது. இருமல் இல்லை. கன்னம் உப்பியிருந்தது. ஓடி வந்தவள் கல் தடுக்கி விழுந்தாள். முட்டியில் ரத்தம்.

“அம்மா!”

பேச்சித்தாய் பையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தாள்.

பிள்ளை எழுந்து ஓடி வந்தது. அவளைத் தாண்டி ஓடியது. அடுப்படியில் இருந்த சொர்ணத்தின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது.

சொர்ணத்துக்கு முகம் செத்துப்போயிற்று.

“மதினி, நான் சொல்லிக் குடுக்கல. சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல.”

“எனக்குத் தெரியும் சொர்ணம்” என்றாள் பேச்சித்தாய்.

கொடை பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

*

மறுநாள் காலை ஒருத்தி வந்தாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு இரண்டாக நின்றது.

பேச்சித்தாய் பிடித்தாள். இழுத்தாள்.

“எம்மா! எம்மா! எம்மா!”

கை விடவில்லை.

எலும்பு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. மூங்கில் பத்தையை வைத்து, எண்ணெய்த் துணியைச் சுற்றி, ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டினாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

சுயம்பு விசில் அடித்தான். “பெரியம்மா பாஸ்!”

ஆசான் அருகில் வந்தார்.

“கத்துனாங்களே, கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“யாரைக் கூப்பிட்டாங்க?”

“என்னை இல்லை.”

ஆசான் கொட்டகை மூலைக்குப் போய், மூங்கிலுக்குக் கம்பி கட்டும் குறடை எடுத்து வந்தார். அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“இதுவும் பிடிச்சா விடாது. இதுக்கு நான் பாடம் சொல்றதில்லை.”

பேச்சித்தாய்க்கு ஆத்திரம் வந்தது. இரண்டு வருடமாக வராத ஆத்திரம்.

“விட்டாலும் குத்தம், பிடிச்சாலும் குத்தமா? அந்தப் பொம்பளை கை நேராயிருச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க.”

“நேராயிருச்சு.”

“அப்ப எனக்குத் தொழில் வந்திருச்சு. எம் மகளைக் கூட்டிட்டு வரப் போறேன். நீங்க போன்னாலும் போவேன், போகாதேன்னாலும் போவேன்.”

“வரமாட்டேன்னு அழுதா?”

“பெத்தவ நான். கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்.”

“சரி அக்கா” என்றார் ஆசான். “போயிட்டு வாங்க.”

*

நான்காம் நாள் அவள் திரும்பி வந்தாள். தனியாக வந்தாள்.

கொட்டகையில் ஆட்கள் காத்திருந்தார்கள். பேச்சித்தாய் நேரே போய் ஆசான் முன்னால் உட்கார்ந்தாள். ஆசான் கையில் இருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார்.

“பிள்ளை?”

“வரல.”

“அழுதாளா?”

“சொர்ணமே துணிமணியெல்லாம் மடிச்சு வச்சுட்டா ஆசானே. ‘போடா கண்ணு, உங்க அம்மாகூடப் போ’ன்னு அவளே சேலையில இருந்து பிள்ளை விரலை ஒண்ணொண்ணா எடுத்துவிட்டா. அவளும் அழுதா. எம் மக நிலைக்கதவைப் பிடிச்சுக்கிட்டா. நான் இந்தப் பக்கத்துக் கையைப் பிடிச்சு இழுத்தேன்.”

“ம்.”

“அம்மான்னு கத்துனா. சொர்ணத்தைப் பாத்துக் கத்துனா.”

“கை?”

“விடல. அப்பவும் விடல. இன்னும் பலமாத்தான் பிடிச்சேன். எம் பிள்ளைன்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கு.”

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தச் சின்ன மணிக்கட்டு என் விரலுக்குள்ள இருக்கு ஆசானே. எலும்பு எலும்பாத் தெரியுது. நான் இழுக்க இழுக்க, மேல முழங்கைப் பொருத்து திறந்துக்கிட்டு வருது. என் விரலுக்குத் தெரியுது. இன்னும் ஒரு இழுப்பு. நழுவிரும்.”

காத்திருந்தவர்களில் யாரோ இருமினார்கள். சுயம்பு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

“விட்டுட்டேன்” என்றாள் பேச்சித்தாய்.

ஆசான் தலையசைக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

“அப்புறம்?”

“முழங்கையை மட்டும் தொட்டுப் பாத்துக்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள ஓடிட்டா. பஸ்ஸுக்கு நேரம் கிடந்துச்சு, வாசப்படியில உக்காந்திருந்தேன்.”

“எவ்வளவு நேரம்?”

“வெயில் இறங்குற வரைக்கும். கதவுக்குப் பின்னால நின்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா. பிறகு ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டாந்தா. பாதி வழியிலயே சிந்திட்டா. ‘குடிங்க அத்தை’ன்னா.”

“அத்தையா?”

“சொர்ணத்தோட பிள்ளைங்க என்னை அப்படித்தானே கூப்பிடும். அதுங்களைப் பாத்துப் பாத்து இவளும் படிச்சுக்கிட்டா.”



“குடிச்சீங்களா அக்கா?”

“குடிச்சேன்.”

ஆசான் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த பாயைத் தூசி தட்டி, அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

“சுயம்பு,” என்றார், “அடுத்த ஆளை அக்காகிட்ட கூட்டிட்டு வா.”