முதுகுப் பட்டை

மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் மடம். மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, பின்னால் கிணறு, அவ்வளவுதான். சமையல்கட்டு என் ராஜ்யம். கூடம் சாமியுடையது.

சாமிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். நோஞ்சான் உடம்பு. அவர் நேராக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சுவரில் சாய்வார், காலை நீட்டுவார், மடக்குவார், கொஞ்ச நேரத்தில் எழுந்து கிணற்றைச் சுற்றிவிட்டு வருவார். புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். "என்னய்யா, உங்க சாமிக்கு ஒரு ஆசனம்கூட வராதா?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. சாப்பாடு வேண்டுமென்றால் கையைக் கழுவு, ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் வேறு மடம் பார் என்று சொல்லிவிடுவேன்.

கோமதிநாயகம் அண்ணாச்சி அந்த ரகம் இல்லை. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாமியைவிட ரொம்ப மூத்தவர். ஆனாலும் சாமி காலில் விழுந்து எழுந்திருக்காமல் உட்கார மாட்டார்.

அன்றைக்கு அவர் விழுவதற்காகக் குனிந்தார். முதுகிலிருந்து விர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. படக்கென்று நிமிர்ந்துவிட்டார். மறுபடி குனிந்தார். மறுபடி விர்ர்.

"என்ன அண்ணாச்சி, சட்டைக்குள்ள வண்டு பூந்துட்டோ?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிக் காட்டினார். தோள் இரண்டையும் பின்னுக்கு இழுத்துக் கட்டிய பட்டை. நடுமுதுகில் ஒரு வட்டப் பொத்தான். குனிந்தால் பொத்தான் அதிருமாம், நிமிர்ந்தால் அடங்குமாம். போனில் விளம்பரம் பார்த்து வாங்கியது.

"சாமி, இது முதுகுக்கு நல்லது செய்யுமா, செய்யாதா? நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எலும்புல ஒண்ணும் இல்லை, சதைதான் பலமில்லைன்னாரு. பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பிள்ளைகிட்ட அனுப்புனாரு. அந்தப் பிள்ளையும் இதைப் பார்த்துச்சு. ஞாபகத்துக்குக் கொஞ்ச நேரம் போட்டுக்கோங்க, இதையே நம்பி இருந்துராதீங்க, பயிற்சியை விட்டுராதீங்கன்னுச்சு."

"பயிற்சி செய்யுதீங்களா?"

அண்ணாச்சி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே எதையோ பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். விர்ர். மறுபடி எழுந்துவிட்டார்.

"அதான் பட்டை இருக்கே சாமி. காலையில கட்டுனா படுக்கையிலதான் அவிழ்க்கேன்."

"வலி குறைஞ்சிருக்கா?"

"முதல்ல குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்ப இல்லை. இன்னும் இறுக்கிக் கட்டிப் பார்க்கவா?"

"நிக்காம நடக்கீங்களே, அப்படி என்ன அவசரம்?"

"வெள்ளிக்கிழமை மகன் வாரான் சாமி."

சொல்லிவிட்டு அவர் கூடத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். பார்க்கிற எனக்கே கால் வலித்தது.

அவர் மனைவி ஆவுடையம்மாளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, எல்லாவற்றுக்கும் அண்ணாச்சிதான் தூக்க வேண்டும். ஆள் வைத்துப் பார்த்தார். வேற்று ஆள் கை பட்டால் அந்த அம்மாள் அழுதுவிடுகிறாள். தூக்கித் தூக்கி இவர் முதுகு பிடித்துக்கொண்டது.

"பெங்களூர்ல ஒரு முதியோர் ஹோமுல பேசி வச்சிருக்கான். உங்க முதுகும் போயிட்டுன்னா அம்மாவை யாரு தூக்குவான்னு கேக்கான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது சாமி, தங்கமான பிள்ளை. வெள்ளிக்கிழமை வந்து, நான் தூக்குதத கண்ணால பார்க்கணும்னு சொல்லிட்டான். சரியாத் தூக்குனா விட்டுட்டுப் போவான். இல்லைன்னா கையோட அவளைக் கூட்டிட்டுப் போயிருவான்."

"சரி."

"அவ இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை சாமி? எனக்குப் பயமா இருக்கு."

பெரிய மனிதர் அப்படிச் சொல்லிக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. போகட்டும் என்று அங்கேயே நின்றேன்.

சாமி எழுந்து போய்ப் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தார். வலது கையையும் வலது காலையும் தொய்யவிட்டார்.

"இது கட்டில். அந்தா இருக்கது நாற்காலி. என்னைத் தூக்கி அதுல உட்கார வையுங்க."

"உங்களைப் போயா?"

"ஆவுடையம்மாவை எப்படித் தூக்குவீங்களோ, அப்படியே."

அண்ணாச்சி தயங்கித் தயங்கி வந்தார். ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டி, சாமியின் அக்குளில் கொடுத்துக் குனிந்தார். விர்ர். வெடுக்கென்று நிமிர்ந்தார். கை நழுவி, சாமி பெஞ்சிலேயே பொத்தென்று சாய்ந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

சாமி எழுந்து உட்கார்ந்தார். "வீட்டுலயும் இப்படித்தானா?"

அண்ணாச்சி முகம் வெளுத்துவிட்டது. "நேத்து இப்படித்தான். பாதி தூக்கும்போது அதிர்ந்துட்டு. என்னை அறியாம நிமிர்ந்துட்டேன். கட்டில் மேலேயே விழுந்ததால பிழைச்சா. மகன்கிட்ட சொல்லலை. யார்கிட்டயும் சொல்லலை."

"கழட்டுங்க."

கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தார். திரும்ப வந்து அதே மாதிரி ஒரு அடி தள்ளி, அதே மாதிரி விறைப்பாக நின்றார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன்கூட அவ்வளவு விறைப்பாக நிற்க மாட்டான்.

"இப்ப யாரு அதட்டுதா அண்ணாச்சி?"

"யாரும் இல்லை. குனிஞ்சா முதுகு போயிரும்னுதான் சாமி."

"முதுகைத் தள்ளி நிறுத்திட்டுக் கையை மட்டும் அனுப்புனா கை என்ன செய்யும்? கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. அந்தப் பயிற்சிப் பிள்ளை முழங்காலை மடக்கச் சொல்லியிருக்குமே."

"சொல்லிச்சு."

"மடக்குங்க."

அண்ணாச்சி காலை அகட்டி, முழங்காலை மடக்கி, சாமியின் நெஞ்சோடு நெஞ்சாக இறங்கினார். இரண்டு கைகளையும் சாமியின் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். இந்தத் தடவை சரியாக வரும் என்று எனக்கே பட்டது.

அப்போது சாமி தன் இடது கையைத் தூக்கி அண்ணாச்சியின் தோளைப் பிடித்தார். இடது காலைத் தரையில் ஊன்றினார்.

"சும்மா இருங்க" என்றார் அண்ணாச்சி, சுள்ளென்று.

சாமி சும்மா இருந்தார். தோளிலிருந்த கை விழுந்தது. ஊன்றிய கால் தளர்ந்தது. தலைகூடச் சாய்ந்துவிட்டது. அண்ணாச்சி மூச்சைப் பிடித்து இழுத்தார். அரிசி மூட்டை மாதிரி கனத்துவிட்டார் சாமி. அசைக்க முடியவில்லை. வலி வந்திருக்க வேண்டும், அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

சாமியை அதட்டினது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"மன்னிக்கணும் சாமி. பழக்க தோசத்துல வாயில வந்துட்டு."

"யாருகிட்டப் பழகுனது?"

"அவகிட்டதான். தூக்கப் போனா அந்த நல்ல கை வந்து என் தோளைப் பிடிக்கும். காலை வேற ஊன்றப் பார்ப்பா. எங்கயாவது விழுந்து வச்சிருவாளேன்னு எனக்குப் பதறும். சும்மா இருன்னு ஒரு அதட்டு."

"அதட்டுனா?"

"சும்மா இருந்துருவா."

"இப்பவும் கை வருதா?"

அண்ணாச்சி யோசித்தார். நெற்றியைத் தடவினார்.

"முன்ன தினமும் வரும். இப்ப எப்பவாவதுதான்."

சாம்பார் அடிப்பிடிக்கிற வாசனை எனக்கு வந்தது. போகவில்லை.

"வலி விட்டுட்டா?" என்று சாமி கேட்டார்.

"விட்டுட்டு."

"இன்னொரு தடவை வாங்க. இந்தத் தடவை வாயைத் திறக்காதீங்க."

அண்ணாச்சி கிட்ட வந்து இறங்கினார். சாமியின் இடது கை அவர் தோளுக்கு வந்தது. அண்ணாச்சியின் உதடு அசைந்தது, அடக்கிக்கொண்டார். சாமி இடது காலை ஊன்றினார். இரண்டு பேரும் சேர்ந்து மெல்ல எழுந்தார்கள். அப்படியே திரும்பி, சாமியை நாற்காலியில் இறக்கினார் அண்ணாச்சி.

"முதுகு வலிச்சுதா?"

"இல்லை சாமி." அவருக்கே நம்ப முடியவில்லை. "நான் தூக்குன மாதிரியே இல்லையே."

"பாதிதான நீங்க தூக்குனது."

அண்ணாச்சி வேகவேகமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, பயிற்சியை இன்றைக்கே ஆரம்பிக்கிறேன், அந்தப் பிள்ளையை வீட்டுக்கே வரச் சொல்கிறேன் என்று என்னென்னவோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் ஜன்னல் திட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பட்டையைக் கையில் எடுத்தார்.

"சாமி, இதை என்ன செய்ய? அடியோட விட்டுரவா, இல்லை அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி கொஞ்ச நேரம் போடவா? நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே."

"உங்க பட்டை எங்கேயும் போயிராது, மெதுவாப் பார்த்துக்கலாம். முதல்ல வீட்டுக்குப் போய், ஆவுடையம்மா போட்டிருக்கிற பட்டையைக் கழட்டி விடுங்க."

"அவளா? அவ எந்தப் பட்டையும்..."

அண்ணாச்சி, "சும்மா இரு" என்ற தன் அதட்டலைத் தானே ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு, வீட்டைப் பார்க்க நடந்தார்.