கிளிமீன் போட்ட கரை

மரகதப்பட்டினத்து மன்னர் கடம்பராயருக்குத் தமது கடற்கரை மேல் அப்படியொரு பெருமை. மாவு சலித்துக் கொட்டியது போல வெள்ளை வெளேரென்ற மணல். காலையில் செருப்பில்லாமல் அதில் நடப்பார். நண்பகலில் அதையே பன்னீரில் குழைத்து இரண்டு கன்னத்திலும் பூசிக்கொள்வார். முகம் பளபளக்கும் என்று அரண்மனை வைத்தியர் திருமேனிப் பண்டிதர் சொல்லியிருந்தார்.

அன்று காலை அரசர் நடந்த இடத்தில் மணல் மட்டும் இருக்கவில்லை. நன்றாக மிதித்துவிட்டார்.

அரண்மனையே அதிர்ந்தது. பண்டிதருக்கோ உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கரையோரத்து மீனவர் குப்பத்தை விரட்டிவிட்டு அங்கே மூலிகைத் தோட்டம் போட வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. இது குப்பத்து ஆட்களின் வேலைதான் என்று அடித்துச் சொன்னார். ஆணைக்கு வாசகமும் அவரே எடுத்துக் கொடுத்தார். கரையிலுள்ள கழிவு முழுவதையும் மாலைக்குள் அள்ள வேண்டும், அதைப் போட்டவர்களைக் கூண்டோடு துரத்த வேண்டும். நிறைவேற்றும் பொறுப்பு விகடகவி நல்லாண்டியின் தலையில் விழுந்தது.

நல்லாண்டிக்கு வயிற்றைக் கலக்கியது. ஏற்கெனவே கலங்கிய வயிறுதான் அது. முந்தின இரவு அரண்மனை விருந்தில் நண்டு, இறால், சுறாப்புட்டு என்று இலைக்கு வந்த எதையும் அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. விடியற்காலையில் வீடுவரை போகத் தாங்காமல் கரையில் ஒதுங்கிய ஆசாமி அவர்தான். மணலைத் தள்ளி மூடுவதற்குள் அரசரின் காவலர்கள் வந்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் தன் தலை போகும். சொல்லாவிட்டால் குப்பம் போகும். தன் வயிறு செய்த காரியத்துக்கு ஓர் ஊரே மூட்டை கட்டுவதா என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அதுவும் வாழ்நாளெல்லாம் அவருக்கு நல்ல மீனாகப் பார்த்துக் கொடுத்த ஊர். தின்ற மீன்களை ஒவ்வொன்றாக ஏக்கத்தோடு நினைத்துப் பார்த்தார். கிளிமீன் ஞாபகம் வந்ததும் துள்ளி எழுந்தார்.

நண்பகலில் அரசர் பூச்சோடு மாடத்துக்கு வந்து பார்த்தால், கடற்கரையில் பாதியைக் காணோம். வீரர்கள் கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அரசர் பண்டிதரையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன காரியம் செய்கிறீர், நல்லாண்டி?"

"ஆணைப்படி கழிவை அள்ளுகிறேன், அரசே."

"இது மணல்."

"அப்படித்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள்."

பக்கத்தில் பெரிய அண்டா நிறையக் கடல்நீர் இருந்தது. அதற்குள் பச்சையும் நீலமுமாக ஒரு மீன், வாய் மட்டும் அச்சு அசல் கிளிமூக்கு. அதன் வயிறு புடைத்திருந்தது. நல்லாண்டி வாலைத் தொட்டதும் மீன் திரும்பிக்கொண்டு பின்பக்கமாக வெள்ளையாய் ஒரு பிடி விட்டது. அதை அள்ளி, இன்னொரு கையில் கரை மணலையும் அள்ளி, இரண்டையும் அரசரின் முன்னால் நீட்டினார். அரசரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த மீன் பவளப்பாறையைக் கொறித்துத் தின்று, அரைத்து, இப்படித்தான் வெளியே விடும் என்றும், தலைமுறை தலைமுறையாக இவை போட்டுப்போட்டுச் சேர்ந்ததுதான் இந்தக் கரை என்றும் நல்லாண்டி விளக்கினார்.

"போட்டவர்கள் கடலுக்குள் இருக்கிறார்கள், அரசே. துரத்தக் கப்பற்படையை அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு சந்தேகம். கரையில் இருப்பதை நாங்கள் அள்ளிவிடுவோம். தங்கள் கன்னத்தில் இருப்பதை யார் அள்ளுவது?"

அரசரின் கை கன்னத்துக்குப் போனது. கண் பண்டிதர் பக்கம் போனது. பண்டிதர் மீனை ஆராய்வது போல அண்டாவுக்குள் குனிந்துகொண்டார். அரசருக்கு வந்த கோபம் பாதி வழியில் சிரிப்பாக மாறிவிட்டது. குப்பம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அள்ளிய மணலைப் பண்டிதரே திரும்பக் கொட்டட்டும் என்று உத்தரவானது.

நல்லாண்டி மெல்ல நழுவப் பார்த்தார். அரசர் விடவில்லை.

"நில்லும். காலையில் நான் மிதித்தது கிளிமீன் போட்டதில்லை. அது யாருடையது?"

நல்லாண்டி முதலில் உயிருக்கு அபயம் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு கைகட்டி நின்று சொன்னார்:

"அது அரண்மனைச் சமையலறையுடையது, அரசே. போகிற வழியில் என் வயிற்றில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனது."

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதற்குப் பரிசும் கொடுத்தார். அடுத்த விருந்தில் எல்லோர் இலையிலும் நண்டு விழுந்தது. நல்லாண்டிக்கு மட்டும் பண்டிதர் தம் கையால் காய்ச்சிய இஞ்சிக் கஷாயம்.