இன்னாசி அண்ணாச்சியின் மீன் காட்டும் மிஷின்

இதை எனக்கு முதலில் சொன்னது அமலி அக்கா. என் சின்னவள் கல்யாணமாகிப் போன வருஷம், தவக்காலத்தில், கோவிலுக்குப் பின்னால் உட்கார்ந்து குருத்தோலை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்கள்.

அக்கா அப்போது ஆற்றுமுகத்துத் தியான இல்லத்தில் சமையல் வேலை. மதர் தெக்லா அங்கே பொறுப்பு. மனசு கனத்தவர்களும் அவர்களிடம் வருவார்கள், தூண்டில் ரீல் சிக்கிக்கொண்டவர்களும் வருவார்கள். மதருக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் உட்காரவைத்து, கையில் இருப்பதை முதலில் வாங்கிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் காலைப் பூசை முடிந்ததும் இன்னாசி அண்ணாச்சி வந்து நின்றார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதரைவிட வயதில் மூத்தவர்தான். ஆனாலும் மதரைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டார்.

“மதர், இதுல எந்த மிஷினை வாங்கட்டும்?”

கையில் மூன்று விளம்பரத் தாள். படகுக்கு அடியில் மீன் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டுகிற மிஷின்கள்.

“கிறிஸ்துமஸுக்குத்தானே ஒண்ணு வாங்குனீங்க, அண்ணாச்சி?”

“அது ரெண்டாவது.”

“அப்போ மொதல்ல வாங்குனது?”

“அதுவும் ஒண்ணும் காட்டல. ஓடும்போது கோடு கோடா வருது. நின்னா வெறும் நீலமா கிடக்கு. இதப் பாருங்க, இது பெரிய திரை. இது பக்கவாட்டுலயும் பார்க்குமாம். இது நடுக்கடல் ஆழம் வரைக்கும் பார்க்குமாம்.”

“நீங்க தூண்டில் போடுறது ஆத்துல.”

அண்ணாச்சி நடுக்கடல் தாளை மற்ற இரண்டுக்கும் அடியில் செருகினார்.

“மிஷின் இல்லாத காலத்துல எப்படிப் பிடிச்சீங்க?”

அண்ணாச்சி தாள்களை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“அணியத்துல உட்கார்ந்து வரும். தண்ணியவே பார்த்துட்டு வரும். ‘யப்பா, இங்க நிறுத்து’ங்கும். நிறுத்துனா மீன் இருக்கும்.”

அணியம் என்றால் படகின் முன்பக்கம். உட்கார்ந்து வந்தது அவருடைய மகள் ஜெசிந்தா. எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையை ஆசையாக அப்படித்தான் சொல்வோம். அது சாப்பிட்டுதா, அது தூங்குதா என்று.

ஜெசிந்தா தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்று அண்ணாச்சி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். இந்தப் படகில் இனி உனக்கு இடமில்லை.

அவள் வாழப்போனது தூரதேசத்துக்கு இல்லை. ஆற்றுக்கு அக்கரைக்கு. வீட்டு ஓடும் கொடியில் காயும் துணியும் இங்கிருந்தே தெரியும். அதனால் அண்ணாச்சி எப்போதும் அக்கரைக்கு முதுகைக் காட்டித்தான் தூண்டில் போடுவார்.

“வாங்க, மிஷினைப் பார்த்துட்டு வருவோம்” என்றார்கள் மதர். “அமலி, நீயும் வா.”

“நான் எதுக்கு, மதர்? எனக்கு நீச்சல் தெரியாது.”

“எனக்கும் தெரியாது. துணைக்கு வா.”

படகு நடு ஆற்றுக்கு வந்ததும் மதர் என்ஜினை அணைக்கச் சொன்னார்கள். அணைத்ததும் திரையில் கோடுகள் போய்விட்டன. நீலம் மட்டும் நின்றது.

“கோடு என்ஜினோடது. நீலம் எதோடதுன்னு பார்ப்போம்.”

பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார்கள். வயர் முனையில் பூத்திருந்த பச்சைக் களிம்பை முந்தானையால் துடைத்தார்கள். நீலம் அசையவில்லை.

“சத்தத்தை அடியில அனுப்புற சென்சார் எங்க?”

அண்ணாச்சி ஒரு பலகையைத் தூக்கினார். படகின் உள்பக்கம், அடிப்பாகத்தோடு சேர்த்து, பசை போட்டு ஒட்டியிருந்தது.

“படகுல துளை போட மனசு வரல, மதர். உள்ளயே ஒட்டிட்டேன்.”

“ரெண்டாவது மிஷினுக்கு?”

“அதே சென்சார்தான். இறுகிப் போச்சு, பேர்க்க முடியல. புதுசு இதோ இந்தப் பெட்டியிலயே கிடக்கு.”

மதர் பெட்டியைத் திறந்து புதுச் சென்சாரை எடுத்தார்கள். மிஷினில் மாட்டி, வயரோடு அப்படியே தண்ணீரில் தொங்கவிட்டார்கள்.

திரை உயிர் பெற்றது. அடிமண் மேடும் பள்ளமுமாக ஓடியது. அதற்கு மேலே நகம் வெட்டிப் போட்ட மாதிரி சின்னச் சின்ன வளைவுகள்.

“மீனு! எவ்வளவு மீனு!” என்று அக்கா கத்தியே விட்டார்களாம்.

அண்ணாச்சி சந்தோஷப்படவில்லை. அணியத்தில் காலியாகக் கிடந்த பலகையைப் பார்த்தார்.

“காட்டுது. சொல்ல மாட்டேங்குது.”

மதர் குனிந்து பழைய சென்சாரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பசையைச் சுற்றிலும் நகத்தால் தட்டினார்கள். ஒரு இடத்தில் மட்டும் உள்ளே பொள்ளலாக இருக்கிற மாதிரி பொத்தென்று கேட்டது. தலையைத் தூக்காமலே சொன்னார்கள்.

“காத்து இருக்கு.”

அண்ணாச்சி அணியத்துப் பலகையிலிருந்து கண்ணைத் திருப்பினார்.

“காத்திருக்கா?”

“ம். இங்கேருந்து போற சத்தம் அங்க போய்ச் சேரவே இல்ல.”

“எப்ப இருந்து, மதர்?”

“நீங்க அடைச்ச அன்னைக்கிலேருந்து.”

“இத்தனை நாளாவா?”

“அவசரத்துல அடைச்சிருக்கீங்க, அண்ணாச்சி. அதான்.”

மதர் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணாச்சி அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. துடைக்கக்கூட இல்லை.

மதரைத் தாண்டிக் கையை நீட்டி என்ஜினைப் போட்டார். தண்ணீரில் தொங்கிய புதுச் சென்சார் படகோடு இழுபட்டது.

“அண்ணாச்சி, சென்சாரு!” என்று கத்தினார்கள் அக்கா.

அவர் காதில் விழவில்லை. படகு வந்த வழியில் திரும்பவில்லை.

அக்கா மதரின் காதுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டார்கள். “மதர், நீங்க சொன்னது காற்றைத்தானே? பசைக்குள்ள காற்றடைச்சு, அதனால மிஷினுக்குக் கேக்கலன்னுதானே சொன்னீங்க?”

மதர் ஈர வயரைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

“படகு போகுதுல்ல, அமலி. பேசாம வா.”

அக்கரை தட்டியதும் அண்ணாச்சி வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல் இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நடந்து போனார். அவள் வீட்டு வேலிப் படல் வரைக்கும் போய் நின்றுவிட்டார். படலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் கூப்பிட்டார்.

“ஏ பிள்ள… ஜெசிந்தா…”

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

“அப்புறம், அக்கா?” என்று கேட்டேன்.

“எனக்கு எப்படித் தெரியும்? மதர் என் தோளைப் பிடிச்சு ஆத்தைப் பார்க்கத் திருப்பி உட்கார வச்சிட்டாங்க.”

அக்கா பார்க்காததை நானும் சொல்ல முடியாது. இன்றைக்கு ஜெபம் சொல்லும்போது, ஜெசிந்தா என்கிற பெயரையும் ஒரு தடவை சேர்த்துச் சொல்லுங்கள்.