தலையெண்ணியின் ஜோசியம்

முன்னொரு சமயம் கோகிலவாணி என்றொருத்தியின் ரத்தத்தில் ஹார்மோன் வம்சத்து ஆட்கள் மூன்று பேர் குடியிருந்தார்கள். குடியிருந்தார்கள் என்ன, ஊர்வம்பு பேசிக்கொண்டு சுற்றித் திரிந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர் ஏ.எம்.எச். சினைப்பையில் கருமுட்டை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தலை எண்ணிச் சொல்வது அவர் வேலை. கோயில் திருவிழா வரிக்குத் தலைக்கட்டு எண்ணுகிற ஆள் மாதிரி. எண்ணுவதில் புலிதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் குழந்தைப்பேறு ஆஸ்பத்திரியில் எல்லாரும் முதலில் அவரையே விசாரித்து விசாரித்து, மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தலை எண்ண வந்தவர் ஜோசியமும் சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டாமவர் எஃப்.எஸ்.எச். முட்டைகளைத் தட்டி எழுப்புகிறவர். சினைப்பை சோர்ந்துபோகப் போக, இவர் சத்தம் கூடும். மூன்றாமவள் புரொஜெஸ்டிரோன். வரப்போகும் கருவுக்காகக் கருப்பையில் பாய் விரிக்கிறவள்.

கோகிலவாணி குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்த அந்தத் தடவை ஊசி மேல் ஊசி போட்டும் ஒரே ஒரு கருமுட்டைதான் கண் விழித்தது.

"ஒத்தை ஆள் தேர் இழுக்க முடியுமா? இந்த வீட்டுல தொட்டில் ஆடாது, பார்த்துக்குங்க" என்றார் ஏ.எம்.எச்.

"நானும் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துட்டேன். செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று எஃப்.எஸ்.எச். ஒத்து ஊதினார்.

"தேர் இழுக்கத்தான் ஊரே வேணும். பாய்ல வந்து படுக்க ஒரு ஆள் போதும். கொஞ்சம் காலை எடுங்க, பாய் விரிக்கணும்" என்றாள் புரொஜெஸ்டிரோன்.

கருமுட்டை தயங்கித் தயங்கிக் கேட்டது. "அப்போ நான் போகட்டுமா, வேண்டாமா?"

"போயி என்னத்தைக் கிழிக்கப் போறே?" என்றார் ஏ.எம்.எச்.

வெளியே டாக்டரம்மாவும் ஏறக்குறைய அதையேதான், மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏ.எம்.எச். ரொம்பக் கம்மிம்மா. ஒரு முட்டைதான் வளர்ந்திருக்கு. இதோட நிறுத்திக்கலாமா?"

கோகிலவாணி புருஷன் சென்னியப்பனைப் பார்த்தாள். இதற்குமேல் இந்த உடம்பு தாங்காது, இதுதான் கடைசி என்று முன்பே பேசி முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

"ஏனுங்க டாக்டரம்மா, எங்களுக்குக் கொழந்தை ஒண்ணு போதுமுங்க. அதுக்கு முட்டை ஒண்ணு பத்தாதுங்களா?" என்றாள் கோகிலவாணி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அமையலாம், அமையாமலும் போகலாம். என்னால உறுதி சொல்ல முடியாது."

"உங்களை உறுதி கேக்கலீங்க. பார்த்துரலாம்னுதான் சொல்றேன்."

கருமுட்டை வெளியே போனது. கண்ணாடித் தட்டில் சென்னியப்பன் தரப்பு ஆளோடு சேர்ந்தது. கருவாகித் திரும்பி வந்து பாயில் படுத்தது.

"ஆடாது, ஆடாது" என்று ஏ.எம்.எச். தினமும் தாளம் போட்டார். வெளியே கோகிலவாணி இருமவும் தும்மவும் பயந்துகொண்டு கிடந்தாள்.

ஒருநாள் ரத்தத்தில் புதிதாக ஒருவன் ஜம்மென்று நடந்து வந்தான்.

"யாருப்பா நீ? இந்த ஊர்ல உன்னை நான் பார்த்ததே இல்லையே!" என்று ஏ.எம்.எச். மறித்தார்.

"எச்.சி.ஜி.ங்க. பாய்ல படுத்திருக்கிறவரு அனுப்பினாரு. தான் வந்துட்டதா ஊருக்குச் சொல்லச் சொன்னாரு."

ரத்தப் பரிசோதனையில் கரு தங்கியது தெரிகிறது என்று அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கோகிலவாணி சென்னியப்பனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்புள்ளே, அழுகறயா சிரிக்கறயா?"

"தெரியலீங்க" என்றாள். அவனுக்கும் தெரியவில்லை.

உள்ளே எஃப்.எஸ்.எச். மெல்ல நழுவினார். ஏ.எம்.எச். மட்டும் விடுவாரா? தொண்டையைச் செருமினார்.

"நான் அப்பவே சொன்னேன்ல, ஒத்தை ஆளா இருந்தாலும் கெட்டின்னு! அது கெடக்கட்டும். பையனா பொண்ணான்னு இப்பவே சொல்லட்டுமா?"

"ஆஸ்பத்திரிச் சுவத்துல போர்டு மாட்டியிருக்கு, அதைச் சொல்லக் கூடாதுன்னு" என்று புரொஜெஸ்டிரோன் ஒரு அதட்டுப் போட்டாள்.

"சரி, என் கணக்குலயாவது சேர்த்துக்கறேன்" என்று ஏ.எம்.எச். பாயைப் பார்த்து விரலை நீட்டினார்.

பாயிலிருந்து சின்னதாக ஒரு குரல் வந்தது.

"நீங்க மிச்சம் இருக்கிறதைத்தானே எண்ணுவீங்க? நான் வந்துட்டேன்."